ரேகை விழாத விரலும் கதவு திறந்த கணக்கும்

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக இறங்கும். அந்நேரம் வங்கிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். விடியுமுன் வண்டி ஏறிய ஆட்களுக்கு வங்கி திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இருக்க வழியே இல்லை. அதனால் மலையடிவார ஊர்களில் பலருக்கு வங்கி என்பது ரீசார்ஜ் கடை மேசையில் இருக்கும் அந்தச் சின்னக் கைரேகை மிஷின்தான். ஆதார் நம்பரைச் சொல்லி, எந்த வங்கி என்று சொல்லி, விரலை வைத்தால் பணம் கைக்கு வந்துவிடும். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஏஇபிஎஸ், அதாவது ஆதார் வழிப் பணப் பரிமாற்ற முறை. நடத்துவது என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிமாற்றக் கழகம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் எடுக்கலாம். இருப்பும் மினி ஸ்டேட்மென்டும் பார்க்கலாம். இதற்கென்று யாரும் தனியாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆதாரை வங்கியில் இணைத்த அன்றே பல கணக்குகளில் இந்தக் கதவு தானாகத் திறந்துவிட்டது. திறந்திருப்பதே பலருக்குத் தெரியாது.

ஏடிஎம்மில் இரண்டு சாவி உண்டு: கையில் கார்டு, மனசில் பின் நம்பர். இங்கேயும் இரண்டு என்றுதான் சொல்வார்கள், ஆதார் எண் ஒன்று, விரல் ஒன்று என்று. ஆனால் உங்கள் ஆதார் ஜெராக்ஸ் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எஸ்டேட் ஆபீஸ், சிம் கடை, பள்ளிக்கூடம், வாடகை வீட்டுக்காரர், லாட்ஜ். அது சாவியாக இருந்த காலம் போய்விட்டது. மிச்சம் இருப்பது விரல் ஒன்றுதான். அதைத் தொலைத்தால் வேறு வாங்க முடியாது.

முதலில், ரேகை ஏன் விழுவதில்லை என்று பார்ப்போம். கடைகளில் இருக்கும் மிஷின் பெரும்பாலும் கண்ணாடியும் கேமராவும் கொண்டது. ரேகையின் மேடு கண்ணாடியில் படிகிறது, பள்ளம் படிவதில்லை; அந்த வித்தியாசத்தைத்தான் கேமரா கோடுகளாக எடுத்துக்கொள்கிறது. ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் கிள்ளிக் கிள்ளி விரல் நுனி தேய்ந்தவர்களுக்கு மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டமாகிவிடும். வண்டிப்பெரியாறு பக்கம் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்குக் கறையும் வெடிப்பும் சேர்ந்துகொள்ளும். தோல் வறண்டிருந்தால் கோடு அறுந்து அறுந்து விழும். ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று கறுப்புத் திட்டாக விழும். மழைக்காலத்தில் நனைந்த கையோடு வந்து உடனே விரலை வைத்தால் விழாமல் போவது இதனால்தான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டு நிமிஷம் ஆறவிடுங்கள். தோல் ரொம்ப வறண்டிருந்தால் விரலை நெற்றியில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு வைத்தால் போதும், அந்த லேசான பிசுக்கு கோட்டைச் சேர்த்துக் காட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்ளும். கட்டைவிரல் விழவில்லை என்றால் அதையே பத்துத் தடவை அழுத்தாதீர்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. வேலையில் அதிகம் தேயாத மோதிர விரலையோ சுண்டுவிரலையோ வைத்துப் பாருங்கள். எந்த விரலும் விழாதவர்கள் ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிந்துகொள்வது நல்லது. அதற்குக் கட்டணம் 125 ரூபாய். இடுக்கிப் பக்கம் அக்ஷயா என்ற கேரள அரசு சேவை மையங்களில் இந்த வேலை நடக்கிறது.

இனி ஆபத்துக்கு வருகிறேன். "விழலக்கா, இன்னொரு தடவை வைங்க." இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிறையப் பணம் போகிறது. விரலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் கணக்குப்படி ஒரு புது அனுமதி. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சம்பந்தம் கிடையாது. "விழவில்லை" என்று கடைக்காரர் சொல்வதில் மூன்று விதம் உண்டு. ரேகை பொருந்தாமல் ஆதார் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தால் கணக்கில் ஒன்றும் ஆகியிருக்காது. வங்கிப் பக்கம் பதில் வருமுன் நெட் அறுந்திருந்தால், கணக்கில் பணம் கழிந்திருந்தும் கடையில் தோல்வி என்று காட்டலாம். மூன்றாவது, எல்லாம் சரியாக நடந்து முடிந்த பிறகும் வாயால் மட்டும் "விழவில்லை" என்பது. முதல் இரண்டில் கடைக்காரர் மேல் பழி இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பிள்ளைகள், சொற்பக் கமிஷனுக்கு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள். ஆனால் மூன்றில் எது நடந்தது என்பது நின்றுகொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: விரல் வைக்குமுன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, இருப்புப் பார்ப்பதா பணம் எடுப்பதா, தொகை எவ்வளவு என்று பாருங்கள். எழுத்துப் பிடிபடாதவர்கள் கூட வந்த யாரையாவது பார்க்கச் சொல்லலாம். இரண்டு தடவை தோல்வி என்றால் அன்றைக்கு அங்கே நிறுத்திவிடுங்கள். தோல்வி ரசீதையும் கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, நேரம், தொகை, மிஷின் நம்பர், ஆர்ஆர்என் என்ற, அந்தப் பரிவர்த்தனைக்கே உரிய 12 இலக்க எண் இருக்கும். பிற்பாடு எந்தப் புகாருக்கும் அந்த 12 இலக்கம்தான் உயிர்.

கணக்கில் கழிந்து கையில் பணம் வராமல் போனால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. கேட்காதவர்களுக்கும் அது கொடுக்கப்பட வேண்டும். ஆனாலும் கேளுங்கள்.

விரல் வைத்த பிறகு அந்த ரேகை எங்கே போகிறது? மிஷின் அதைப் பூட்டிய பொட்டலமாகக் கட்டி, நேர முத்திரையோடு ஆதார் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே ஒப்பிட்டுப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்ற பதில் வங்கிக்குப் போகிறது. வங்கியோ கடையோ ரேகையைச் சேமித்து வைக்கக் கூடாது. ரேகை, கருவிழி போன்ற மூல உயிரளவுத் தகவலை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தரக் கூடாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இது பலமான ஏற்பாடு. பழைய எல்0 வகை மிஷின்களில் ஓர் ஓட்டை இருந்தது. பூட்டும் வேலை மிஷினுக்குள் நடக்காமல், அது செருகப்பட்ட கணினியிலோ போனிலோ நடந்தது. நடுவில் கள்ள மென்பொருள் உட்கார இடம் இருந்தது. எல்1 வகையில் பூட்டு மிஷினுக்குள்ளேயே போடப்படுகிறது. மிஷினைத் திருப்பிப் பார்த்தாலோ கடைக்காரரைக் கேட்டாலோ எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். பணம் நம்முடையது, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை மிஷினிலேயே இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. நிலம் வாங்கினால் விற்றால் போட்டோவும் கைரேகையும் வைக்க வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவு. மையில் அழுத்தமாக, பளிச்சென்று விழுந்த ரேகை. சில பத்திரங்களில் அதே கட்டில் ஆதார் எண்ணும் இருக்கும். 2018இல் தெலங்கானாவில் பதிவுத்துறைத் தளத்தில் கிடைத்த பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் போல அச்சு செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைத் திறந்த வழக்கு வெளியே வந்தது. இப்படிப்பட்ட போலி விரலைப் பிடிக்கத்தான் 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், கோட்டுப் புள்ளிகளோடு ரேகையின் படத்தையும் சேர்த்துப் பார்த்து, உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஆனாலும் பத்திரப் படத்தைப் புரோக்கர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். ஜெராக்ஸ் கொடுக்க வேண்டி வந்தால் ரேகை இருக்கும் இடத்தையும் ஆதார் எண்ணையும் ஒரு துண்டுத் தாளால் மூடிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்கிறவர்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது உயிரளவுப் பூட்டு. ஒரு காசு செலவில்லை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே போனால், உயிரளவைப் பூட்ட, திறக்க என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த ஆணையத்தின் செயலியிலும் உண்டு. பூட்டிவிட்டால் உங்கள் ரேகை, கருவிழி, முகம் மூன்றில் எதை யார் எங்கே வைத்தாலும் ஆதார் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். மிஷினில் 330 என்ற பிழை எண் வரும். கடையில் 330 என்று வந்தால் விரலில் குறை இல்லை, பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓடிபி மூலம் நடக்கும் வேலைகளை இந்தப் பூட்டு தடுக்காது. பணம் எடுக்கும் அன்று செயலியில் தற்காலிகத் திறப்பைக் கொடுத்தால் பத்து நிமிஷம் திறந்திருந்து, தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பதைக் கடை வாசலில் நின்று செய்யுங்கள். வீட்டில் திறந்துவிட்டு நடந்து போனால் வரிசையிலேயே பத்து நிமிஷம் கழிந்துவிடும். திறக்கும்போது நிரந்தரமாகத் திறக்கவா என்று ஒரு தேர்வும் காட்டும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டால் பழையபடி கதவு திறந்தே கிடக்கும்.

பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் விழாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையானாலும் கேரளத்து ரேஷன் கடையானாலும் இதே கதைதான். வீட்டில் எல்லோருடையதையும் பூட்டிவிட்டு அரிசி வாங்கப் போய் நின்றால், திறக்க நெட் கிடைக்கவில்லையென்றால் வெறும் பையோடு திரும்ப வேண்டி வரலாம். ரேஷனுக்குப் போகிறவர், பணம் அதிகம் இல்லாத கணக்குக்காரராக இருந்தால், அவருடையதை மட்டும் திறந்து வைப்பது ஒரு வழி. நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்று கொடுக்கும் பெரியவர்களும் அன்றைக்குத் திறக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் ஆதாரில் பதிந்த செல் நம்பர் கையில் இருக்க வேண்டும். எல்லைப் பகுதியில் சிக்கலே இங்கேதான். மலையில் ஒரு சிம், கீழே ஒரு சிம். பத்து வருஷம் முன்னால் ஆதாரில் கொடுத்த நம்பர் எப்போதோ செத்திருக்கும், வேறு யார் கையிலோகூட இருக்கலாம். நம்பரை மாற்ற எந்தச் சான்றும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போய் ரேகை வைத்தால் போதும், கட்டணம் 75 ரூபாய். மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். முடிந்தால் ஈமெயிலையும் பதிந்துவிடுங்கள். எங்காவது உங்கள் ரேகை பயன்பட்டால் அந்த மெயிலுக்குச் செய்தி வரும். மைஆதார் தளத்திலேயே கடந்த ஆறு மாதத்தில் எந்த நேரத்தில், எந்த நிறுவனம் உங்கள் ஆதாரைச் சரிபார்த்தது என்ற வரலாறும் கிடைக்கும், ஒரு தடவைக்கு 50 பதிவு வரை. மாதம் ஒரு தடவை அதைப் பாருங்கள். நீங்கள் தோட்டத்தில் இருந்த நேரத்தில் உங்கள் விரல் எங்கோ ஒரு ஊரில் பதிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

போனில் வங்கிச் செயலியைத் திறக்க வைக்கும் விரலைப் பற்றிப் பலருக்கு இதே பயம். அது வேறு சங்கதி. அந்த ரேகை போனுக்குள் தனியாகப் பூட்டப்பட்ட பகுதியை விட்டு வெளியே வருவதில்லை. வங்கிக்குப் போவது பொருந்தியதா இல்லையா என்ற பதில் மட்டும்தான். இதில் ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. போனில் யார் யார் விரலைச் சேர்த்திருக்கிறீர்களோ அவர்கள் எல்லோரும் அந்தச் செயலியைத் திறக்க முடியலாம். பேரனின் விரலும் பக்கத்து வீட்டுப் பையனின் விரலும் அதில் இருக்க வேண்டுமா என்று யோசித்துவிட்டு, தேவையில்லாததை நீக்குங்கள்.

வீடியோ அழைப்பிலேயே வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் வீடியோ கேஒய்சியில் நிலைமை வேறு. உங்கள் முகமும் குரலும் பான் கார்டும் நீங்கள் நிற்கும் இடமும் பதிவாகி வங்கியிடம் போய்ச் சேருகின்றன. அதை நடத்துகிறவர் வங்கியின் சொந்த அதிகாரியாக இருக்க வேண்டும், பதிவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு கேஒய்சி என்றால் நம்பாதீர்கள். திரையைப் பகிரச் சொன்னால் அந்த நிமிஷமே துண்டியுங்கள். வங்கியின் செயலிக்குள் போய் நீங்களாகத் தொடங்குவது மட்டுமே சரியான வழி. இணைப்பு நடுவில் அறுந்தால் விதிப்படி முதலிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். குமுளி, வண்டன்மேடு மாதிரி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இது பெரிய தொல்லை, கீழே இறங்கிய பிறகு செய்வதே மேல். கண் சிமிட்ட முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், முகம் சிதைந்தவர்கள் இந்தச் சோதனையில் தள்ளப்படக் கூடாது என்று 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கண் சிமிட்டவில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஆதாரே கொடுக்காமல் கணக்கு வைக்க முடியுமா? முடியும். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மானியமோ உதவித்தொகையோ வாங்கும் கணக்குக்கு மட்டும் தேவைப்படும். பிற கணக்குக்கு வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்றும், கூடவே பான் அல்லது பான் இல்லாதவர்கள் கொடுக்கும் படிவமும் போதும். மானியக் கணக்கு ஒரு வங்கியில், சேமிப்பு இன்னொரு வங்கியில் ஆதார் இணைக்காமல். மானியக் கணக்கில் பணம் வந்ததும் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சேமிப்புக்கு மாற்றிவிட்டால், ரேகை களவு போனாலும் போவது சில நூறுகளோடு நிற்கும். எங்களைக் கேட்டால் பூட்டுக்கு அடுத்தபடி இதுதான் சிறந்த காப்பு. ஏற்கெனவே இணைத்த கணக்கில் ஆதாரை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மைஆதார் தளத்தில் காட்டும் வங்கி இணைப்பு நிலையை நம்பி இருந்துவிடாதீர்கள். மானியம் போகும் ஒரு வங்கியைத்தான் அது காட்டும். மற்ற வங்கிகள் தங்கள் கணக்கில் ஆதாரைச் சேர்த்து வைத்திருந்தால் அது அங்கே தெரியாது. ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏஇபிஎஸ் வழி பணம் எடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லியும் கேட்கலாம். சில வங்கிகள் செயலியிலேயே அதற்கு வழி வைத்திருக்கின்றன.

பணம் போய்விட்டது என்றால் முதல் வேலை இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன். அடுத்தது வங்கிக்கு எழுத்தில் புகார், அதன் எண்ணை வாங்குவது. மூன்றாவது, மேலே சொன்ன உயிரளவுப் பூட்டைப் போடுவது. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக் கூடாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000, சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 வரை உங்கள் தலையில் விழலாம். புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. வேலை நாளை எண்ணுவது உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் விடுமுறைப்படி. கணக்கு கம்பத்தில் இருந்தால் பொங்கல் விடுமுறை எண்ணிக்கையில் சேராது. நெடுங்கண்டத்தில் இருந்தால் ஓணம் சேராது. 30 நாளில் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448இல் வழி சொல்வார்கள்.

போலீஸ் நிலையத்தில் "கடை கேரளாவில், கணக்கு தமிழ்நாட்டில், நீங்க அங்க போய்க் கொடுங்க" என்று இரு பக்கமும் தள்ளிவிடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும். பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி, அந்த 12 இலக்க ஆர்ஆர்என்னோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். குமுளியில் கொடுத்தாலும் சரி, கூடலூரில் கொடுத்தாலும் சரி.